ஒரே எண், இரு வாயில்கள்

ஒரு தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் என்ன நிகழும்? அஞ்சல்காரர் ஒருநாள் இவ்வீட்டிலும் மறுநாள் அவ்வீட்டிலும் கடிதத்தைச் சேர்ப்பார். அவர்மீது குற்றமில்லை, கடிதம் எழுதியவர்மீதும் குற்றமில்லை. ஆயினும் கடிதம் கிட்டாதவர் யாரையேனும் நொந்துகொள்வார். கணினி வலையமைப்பிலும் இத்தகைய குழப்பம் உண்டு என்பதைச் சிவகாசியில் என் தம்பி நடத்தும் சிறிய அச்சகத்தில் கண்டேன்.

நாள்காட்டி வேலைகள் குவியும் பருவம் அது. பின்கட்டில் உள்ள வடிவமைப்பு அறைக்கு இணையம் சரியாக எட்டவில்லை. எனவே, ரூட்டர் என நாம் வழங்கும் திசைவி ஒன்றைப் புதிதாக வாங்கிப் பழைய திசைவியோடு கம்பிவடத்தால் இணைத்திருந்தனர். அன்றே தொல்லை தொடங்கியது. காலையில் இயங்கிய இணையம் நண்பகலில் நின்றது. ஒரு கணினியில் கிடைத்தது. அருகிலிருந்த கணினியில் கிடைக்கவில்லை. அனுப்பிய கோப்புகள் அச்சுப்பொறியைச் சென்றடையவில்லை.

அதே வாரத்தில்தான் வடிவமைப்புப் பணிக்கு ஓர் இளைஞன் சேர்ந்திருந்தான். “அக்கா, இவன் வந்த நாளிலிருந்துதான் எல்லாம் கெட்டது. மாதக் கடைசியில் அனுப்பிவிடப் போகிறேன்” என்று அனைவர் முன்னிலையிலும் கூறினான் தம்பி. இளைஞன் மறுமொழி கூறாமல் தலைகுனிந்து நின்றான். அவனுக்கு அதுவே முதல் வேலை.

என்னிடம் பயின்று, இப்போது வலையமைப்புப் பணி செய்யும் மாணவர் ஒருவரை வரவழைத்தேன். “அம்மா, முதலில் எதையும் மாற்ற வேண்டா, உள்ளதை உள்ளபடி பார்ப்போம்” என்றார் அவர்.

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, மாற்றத்தக்க ஐ.பி. முகவரி. மற்றொன்று, தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி. எந்த ஐ.பி. முகவரி எந்தக் கருவிக்கு உரியது என்பதை ஒவ்வொரு கணினியும் ஓர் அட்டவணையில் குறித்து வைக்கும். அவர் முன்னறையிலும் பின்னறையிலும் இருந்த கணினிகளில் அவ்வட்டவணையைத் திறந்து காட்டினார். இரண்டிலும் 192.168.1.1 என்னும் முகவரியே வாயிலாக இருந்தது. ஆனால் அதற்கு நேரே இருந்த மேக் முகவரிகள் வெவ்வேறாக இருந்தன. ஒரே எண்ணுடன் இரு வாயில்கள்!

இது எவ்வாறு நேர்ந்தது? ஐ.பி. நான்காம் பதிப்பில் அமையக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. உலகிலுள்ள கருவிகள் அனைத்திற்கும் அவை போதா. ஆகவே, வீடும் அலுவலகமும் தத்தம் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுதிகளை 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் வரையறுத்தது. 192.168 எனத் தொடங்கும் தொகுதி அவற்றுள் ஒன்று. திசைவிகள் பலவற்றில் 192.168.1.1 என்பதே தொடக்க முகவரியாக அமைந்துள்ளது. தனித்தனி இல்லங்களில் இருக்கும்வரை அவற்றிடையே பிணக்கில்லை. ஒரே கூரையின்கீழ் இணைக்கும்போதுதான் மோதல் எழுகிறது.

புதிய திசைவியின் வெளிவாயிலில் இணைய இணைப்பே இல்லை. அதனை வாயிலாகக் கொண்ட கணினிகள் முட்டுச்சந்தில் நின்றன. மேலும், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பணியை இரு திசைவிகளும் செய்தன. ஒன்று வழங்கியதை மற்றொன்று அறியாது. அதனால் அச்சுப்பொறியின் முகவரியே ஒரு கைப்பேசிக்கும் வழங்கப்பட்டிருந்தது.

புதிய திசைவியின் வடத்தைக் கழற்றியதும் முன்னறைக் கணினிகள் சற்று நேரத்தில் சீராயின. பிறகு அத்திசைவியை ஒரு மடிக்கணினியுடன் மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றினார், அதன் டி.எச்.சி.பி. பணியை நிறுத்தினார். அச்சுப்பொறிகளுக்கு நிலையான முகவரிகளை ஒதுக்கினார். பின்னரே வடத்தை மீண்டும் பொருத்தினார். இரு அறைகளின் அட்டவணைகளிலும் இப்போது ஒரே மேக் முகவரி தோன்றியது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். இளைஞன் வந்ததும் திசைவி வந்ததும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தன; கண்ணில் பட்டவன் இளைஞன். பேசாத கருவியைவிட எதிர்த்துப் பேச இயலாத மனிதன்மீது பழி எளிதில் விழுகிறது. தம்பி அன்று மாலையே அனைவர் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தான். பழி கூறியதும் அவர்கள் முன்னிலையில்தானே?

மாணவர்களே, நாளை நீங்கள் எத்தொழிலைச் செய்தாலும் பழுதுகளைச் சந்திப்பீர்கள். என்ன மாறியது எனக் கேளுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதியுங்கள். கண்டதைச் சான்றுடன் கூறுங்கள். அச்சோதனை முடியும்வரை எவரையும் குற்றவாளியாக்காமல் இருப்பது தொழில்திறனுள் அடங்கும், அறமும் அதுவே.