கூலிச் சீட்டில் இல்லாத பெயர்

அம்மாவின் முகூர்த்தப் புடவை போன ஆடியில் மடிப்போடு இற்றுப்போயிற்று. அரக்கு நிற உடல், இலைப்பச்சைக் கரை. நிழலில் காற்றாடப் போடலாமென்று பீரோவிலிருந்து எடுத்து உதறினேன். நடுமடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு விட்டுப்போயிருந்தது. பட்டை வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பிலேயே முறியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கிழிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே, “ஆரணிக் கடையில எடுத்தது. நெய்தது தேவிகாபுரத்துலன்னு உங்க தாத்தா சொல்லுவார். அங்க யாராவது இழை கோத்துத் தருவாங்களான்னு கேட்டுப் பாரேன்” என்றாள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. மலைக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் எங்களுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் கிடைக்கும். அந்த வெயில் வருமுன் புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருவண்ணாமலையில் பஸ் ஏறிக் கலசபாக்கம் தாண்டிப் போளூர். அங்கிருந்து சேத்துப்பட்டுச் சாலையில் தேவிகாபுரம். குன்றின் மேல் கனககிரீஸ்வரர், கீழே பெரியநாயகி அம்மன் கோயில். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்.

கடையில் ஆரணிப் பட்டு என்று வாங்குவது ஆரணி ஊருக்குள் மட்டும் நெய்யப்படுவதில்லை. சுற்றியுள்ள ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் என்று பல ஊர்களின் வீட்டுத் தறிகளிலிருந்து வருகிறது. காஞ்சிப் பட்டைப் போலவே இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிப் பட்டின் கனம் இதற்குக் கிடையாது. சரிகையும் பெரும்பாலும் அளவாகத்தான் இருக்கும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் நடுத்தரக் குடும்பங்களின் கல்யாணம், சீமந்தம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஆரணிதான் கைகொடுத்தது.

விசாரித்துக்கொண்டு போன வீட்டில், கூடத்தின் பாதியை ஒரு குழித்தறி பிடித்திருந்தது. இடுப்பளவுப் பள்ளத்தில் காலை விட்டு, தரைமட்டத்தில் உட்கார்ந்திருந்தார் அறுபதைத் தாண்டிய ஒருவர். மழைக்காலத்தில் அந்தக் குழியில் ஈரம் ஊறும், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் பிசுபிசுத்துப் போகும், தறி நிற்கும். நான் போனது நல்ல வெயில் நாள். புடவையை நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப்போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்து ஓட்டினார்.

“இது கோர்வைம்மா. ரெண்டு பேர் உட்கார்ந்து நெய்தது.”

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கே ஓடும் ஒரே ஊடை இழை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் ஊடையைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி என்று மூன்று ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை இழையும் உடல் இழையும் சந்தித்துக் கைகோத்துத் திரும்ப வேண்டும். பின்பக்கம் தடவினால் அந்தச் சந்திப்பு மெல்லிய பல்வரிசைபோல விரலில் தட்டும். ஒருவரே மூன்று நாடாவையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையைப் பார்த்துக்கொள்வார்.

“எங்க அப்பா காலத்துல அந்த எடத்துல நான்தான். எட்டு வயசுல உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் அதோட சரி” என்றார். தறிக்குப் பிள்ளைகளை உட்கார வைத்த காலம் போனது நல்லது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த இடம் காலியாகிவிடவில்லை. இப்போது அங்கே அவர் மனைவி உட்காருகிறார்.

அன்று அந்த அம்மா பக்கத்து அறையில், இன்னொரு தறிக்குப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். “வா கண்ணு, குந்து” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் அருகில் போய் உட்கார்ந்தேன். அன்று நான் கண்டதில் மறக்க முடியாதது அதுதான்.

ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் நுனிகளை அறுத்து எறிவதில்லை. பழைய இழைகள், அவற்றைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் ஏற்றி இறக்கும் விழுதிலும் கோத்தபடியே இருக்கும். புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் அதற்கு நேரான பழைய இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்த பிறகு மெல்ல இழுத்தால், புதுப் பாவு பழையதன் வழியிலேயே உள்ளே வந்துவிடும். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல். அதில் விரலைத் தொட்டுக்கொள்கிறார். இடது கையில் பழைய இழை, வலது கையில் புது இழை. இரண்டையும் ஒட்டி ஒரு திருகு, மடித்து இன்னொரு திருகு. முடிச்சு கிடையாது, முடிச்சுப் போட்டால் அச்சில் மாட்டும். ஒரு இழைக்கு ஒரு மூச்சு. பட்டு இழையோ, விரலில் இருப்பதே தெரியாத மெல்லிசு. நாலாயிரத்துக்கும் மேல் இழை. ஒன்று இடம் மாறினாலும் புடவை முழுக்க அந்தப் பிழை கோடாக ஓடும்.

“எண்ணுவீங்களாம்மா?”

“எண்ண ஆரம்பிச்சா கை நின்னுடும் கண்ணு. பக்கத்து எழை கூப்பிடும், அத எடுத்துக்கறது.”

காலையில் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்கு ஒருமுறை எழுந்தார். நான் விடைபெறும்போது பாதிகூட முடிந்திருக்கவில்லை. அந்தப் பாவில் மூன்று புடவை இறங்கும்.

திண்ணையில் அவர் மாமியார், எண்பதை நெருங்குபவர், ராட்டை சுற்றித் தார் போட்டுக்கொண்டிருந்தார். நாடாவுக்குள் உட்காரும் ஊடை நூல் அங்கேதான் தயாராகிறது. தார் இளகலாகச் சுற்றியிருந்தால் ஓட்டத்தில் இழை சிக்கும். இறுக்கமாக இருந்தால் கரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. விரலில் வரும் இழுப்பை வைத்தே சுற்றுகிறார்.

பட்டும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்தில் எடைபோட்டுக் கொடுக்கிறார்கள். நெய்து கொண்டுபோனால் புடவையை எடைபோட்டு, பிசிறு பார்த்து, பாஸ்புத்தகத்தில் கூலி வரவு வைக்கிறார்கள். பெரியவர் அந்தப் புத்தகத்தைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் புடவை எண், எடை, கூலி. முகப்பில் ஒரே பெயர், அவருடையது.

கோர்வைக்குப் பக்கத்தில் உட்காரும் நாள், பாவு பிணைக்கும் நாள், தார் சுற்றும் நாள் எல்லாமே அந்த ஒரு கூலிக்குள் அடக்கம். மூன்று பேர் உழைப்பை ஒரு பெயரில் போட்டு, அதையும் நாள்கணக்கில் வகுத்துப் பார்த்தால் கட்டட வேலைக்குப் போகிறவரின் கூலிக்குக் கீழே நிற்கிறது. அவர்கள் மகன் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். “அவன் தப்பா செய்யல” என்றார் பெரியவர். “கணக்கு போட்டுப் பாத்தான், போயிட்டான்.”

கைத்தறி ஏன் தேய்கிறது என்று பேசும்போது நாம் ரசனையைக் குறை சொல்கிறோம். இன்றைய பெண்களுக்குப் புடவை பிடிக்கவில்லை என்கிறோம். எனக்கு அது உண்மையாகப் படவில்லை. கைத்தறிப் புடவையை விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தறியில் உட்கார ஆள்தான் குறைகிறார்கள். இந்தியாவில் 1995-96 கணக்கெடுப்பில் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் சுமார் 65 லட்சம். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் 35 லட்சம். அந்த 35 லட்சத்தில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். கணக்கெடுப்பு அவர்களை எண்ணிவிட்டது. நான் பார்த்த பாஸ்புத்தகம் இன்னும் எண்ணவில்லை.

மதிப்புத் தெரியாமல் வாங்குகிற தவறு என்னிடமும் உண்டு. சில வருஷம் முன்பு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடையில் ‘கைத்தறிப் பட்டு’ என்று சொல்லிக் கொடுத்த புடவையை, விலை சல்லிசாக இருக்கிறதே என்று வாங்கினேன். பெரியவரிடம் கைப்பேசியில் அதன் படங்களைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “விசைத்தறிம்மா” என்றார். கரைபோட்ட பட்டுப் புடவையை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, வாங்குகிற நமக்குத் தடவிப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். புடவையின் இரண்டு ஓரத்தையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். நெய்யும்போது துணி சுருங்காமலிருக்க, நுனியில் ஊசி பதித்த மூங்கில் கோலை ஓரத்தில் குத்திப் பிடிப்பார்கள். அந்த ஊசித்துளைகள் சீரான இடைவெளியில் தெரியும். பின்பக்கம் திருப்புங்கள், கோர்வை என்றால் சேருமிடம் விரலில் தட்டும். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல்தானா என்பதை மட்டுமே சொல்லும், கையால் நெய்ததா என்பதைச் சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரையைக் கேளுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் கைத்தறியைப் பாராட்டுவது நெசவாளிக்கு ஒரு வேளைச் சோறும் போடாது.

கைத்தறியை மீட்டெடுத்தவர்களும் இருக்கிறார்கள். கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி தறி போட்டு, பழைய காஞ்சிக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மறுபடி நெய்ய வைத்தார். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், இடைத்தரகர் இல்லாமல் நெசவாளியின் துணியை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சில புடவைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையை வைத்தும் விற்றது. அது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அந்த வழியில் இன்னும் ஓரடி போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பாவு பிணைத்தவருக்கும் கோர்வைக்கு உட்கார்ந்தவருக்கும் தனிக் கூலி, தனிப் பதிவு, தனி வங்கிக் கணக்கு. அதனால் புடவை விலை ஏறுமென்றால் ஏறட்டும். வருஷத்துக்கு மூன்று வாங்குகிறவர்கள் ஒன்று வாங்குவோம். கூலிச் சீட்டில் தன் பெயரும் இருக்கும் என்று தெரிந்தால், அந்த வீட்டுக்கு வரும் மருமகள் தறியைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

அம்மாவின் புடவைக்கு அவர் இழை கோக்கவில்லை. “பட்டு செத்துப்போச்சு, கோத்தா நிக்காது. பின்னாடி மெல்லிசா ஒரு பட்டுத் துண்டு வெச்சுத் தைங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் மடிப்ப மாத்துங்க” என்றார். தைத்துவிட்டோம். மடிப்பையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று தறியில் இருந்தது மயில்கழுத்து நிறத்தில், அரக்குக் கரை போட்ட புடவை. அக்கா மகள் கல்யாணத்துக்கு அதையே எடுப்பதென்று முடிவு செய்தேன். சங்கத்தின் சொத்து என்பதால் வீட்டில் வாங்க முடியாது. புடவை எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துச் சங்கத்தில் போய் வாங்கினேன். திரும்பும் வழியில் அந்த வீட்டுக்கும் போனேன்.

“உங்க பேரைச் சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்” என்றேன்.

“என் பேரா? எதுக்கு கண்ணு? சங்கத்துல அவரு பேரு இருக்குதே.”

“நீங்களும்தானே நெய்தீங்க.”

கணவரைப் பார்த்தார். அவர் தறியிலிருந்தபடியே, “சொல்லேன்” என்றார். சொன்னார். நான் எழுதி முடித்துப் பேனாவை மூடப்போனபோது, திண்ணைப் பக்கம் கையைக் காட்டி, “தாரு சுத்தினது அத்தை. அவங்க பேரையும் போட்டுடு” என்றார்.

அந்தத் தாளை நான்காக மடித்துப் புடவைக்குள் வைத்திருக்கிறேன். தையில் கல்யாணம். புடவையைப் பிரிக்கும்போது பெண் முதலில் படிக்கப்போவது அந்த மூன்று பெயர்களைத்தான்.