ஓட்டியவரும் பார்த்தவரும்

எங்களில் ஒருவர் வண்டி ஓட்டினார். மற்றவர் காட்டைப் பார்த்தார். முப்பது ஆண்டு இல்லறத்திலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் வழிகாட்டி இன்றி, நம் வண்டியில் நாமே செல்லலாம். ஏறத்தாழ 19,500 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அக்காடு 1926-இல் தேசியப் பூங்காவாயிற்று; மறு ஆண்டில் அங்கே வந்த சுற்றுலாக் கார்கள் மூன்றே மூன்றாம். தார்ச்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை மீறலாகாது. குறித்த இடங்களிலன்றி வண்டியைவிட்டு இறங்கலாகாது. வாயில் அடைபடும் முன் முகாம் சேர்ந்துவிட வேண்டும். நாங்கள் சென்றது சூலை மாதம். அங்கே அது குளிர்காலம், மழையற்ற காலம். இலையுதிர்ந்த புதர்களுக்குள் பார்வை நுழையும். நீர் தேடி விலங்குகள் ஆற்றோரம் வரும்.

நாங்கள் தங்கிய முகாமின் பெயர் ஸ்குகுசா. முதல் காப்பாளர் ஸ்டீவன்சன் ஹாமில்டனுக்கு மக்கள் இட்ட பெயர் அது. துடைத்துப் பெருக்குபவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அவர் பெருக்கியவற்றுள் மனிதக் குடியிருப்புகளும் இருந்தன. விலங்குகளைத் தேடி வருவோர் கண்ணில் அந்தச் சுவடுகள் படுவதில்லை.

முகாமில் ஒரு பலகை உண்டு. அன்று எந்த விலங்கை எங்கே கண்டோம் என்பதைப் பயணிகள் வண்ண வில்லைகளால் அதில் குறிப்பார்கள். முதல் நாள் சிங்க வில்லைகளை நம்பி அங்குமிங்கும் விரைந்தோம். கண்டவை பிறர் வண்டிகளின் பின்புறங்களே! காலையில் தொடங்கிய செபமாலையும் மூன்றாம் மறையுண்மையில், ஏதோ ஒரு புதர் அசைந்ததால், எண்ணிக்கை தவறிப்போயிற்று.

அன்றிரவு பக்கத்துக் குடிலில் தங்கியிருந்த முதிய பெண்மணி ஒருவர், இருபது கிலோமீட்டர் வேகமே போதும் என்றார். விலங்கைத் தேடாதீர்கள், பொருந்தாததைத் தேடுங்கள் என்றும் சொன்னார். நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்களிடையே கிடையாக ஒரு கோடு தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். கிளையிலிருந்து தொங்குவது வாலாக இருக்கலாம். இம்பாலா மான்கள் மேய்ச்சலை விட்டு ஒரே திசையில் உறைந்து நின்றால், அத்திசையில் நாமும் பார்க்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கி உற்று நோக்குமிடத்தை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது.

மறுநாள் மாலை சாபி ஆற்றோரச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். முகாமுக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர். வாயில் அடைபட அரைமணி நேரமே இருந்தது. "நிறுத்துங்கள், சிறுத்தை!" என்றார் பார்த்தவர்.

ஓட்டியவர் வேகத்தைக் குறைத்தார்; நிறுத்தவில்லை. "உனக்கு அப்படித் தோன்றுகிறது" என்றார்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது. எங்கள் மூத்த மகன் கல்லூரியில் மனமொடிந்து வாடியதை எங்களில் ஒருவர் முதல் விடுமுறையிலேயே கண்டுகொண்டார். மற்றவர் அன்று சொன்னதும் இதே சொற்கள்தாம். படிப்பை விட்டு அவன் வீடு வந்து சேர்ந்த நாள்வரை அவருக்கு எதுவும் தெரியவில்லை. அதைப்பற்றி நாங்கள் பின்னர் பேசிக்கொண்டதும் இல்லை.

வண்டி பின்னோக்கிச் சென்று நின்றது. எஞ்சின் ஓய்ந்தது. "பத்து மணித் திசையில், பெரிய மரம், இரண்டாம் கவடு, கீழே தொங்குகிறது பாருங்கள், வால்." ஓட்டியவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். கிளை தெரிந்தது; இலைநிழல் தெரிந்தது. புனித தோமாவின் வழிவந்தவர் அவர். நிழலை வாலென்று ஒப்புக்கொள்ள எளிதில் மனம் வராது. பத்து நிமிடம் பேச்சின்றி இருந்தோம். ஆற்றுக்கு அப்பால் ஏதோ பறவை கத்தியது. பார்த்தவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மட்டும் மற்றவரால் தெளிவாகக் காண முடிந்தது.

வாயில் அடைபட நான்கு நிமிடம் இருக்கையில் முகாமுக்குள் நுழைந்தோம். பலகையின் முன் கூட்டமில்லை. சிறுத்தைக்குரிய வில்லையை எடுத்து, சாலையின் வளைவை விரலால் தேடி, அவ்விடத்தில் பொருத்தியவர் ஓட்டியவர்தான்.