தம்பிக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

அக்கா எழுதுவது. "முகில் நிஜமாவே பெரிய அறிவாளியா, இல்ல பெத்தவங்க கண்ணுக்கு அப்படித் தெரியுதாக்கா?" என்று நீயும் செல்வியும் மாறிமாறிக் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

நாலு வயதில் சரளமாகப் படிக்கிறான், சந்தோஷம். ஆனால் சீக்கிரம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளை மூணாங்கிளாஸ் வருவதற்குள் மற்றவர்கள் எட்டிப்பிடிப்பதை வகுப்பில் நிறையவே பார்த்திருக்கிறேன். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பொங்கலுக்கு வந்தபோது தினசரி காலண்டரில் ராகு காலத்தை வாசித்துவிட்டு, "ஏன் அத்தை தினம் மாறுது?" என்றான். ஏழு கிழமைக்கும் நேரம் சொன்னேன். கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைத்து, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தவன், "எந்த ரெண்டு நாளும் ஒண்ணா வரல" என்று தானே கண்டுபிடித்தான். யாரும் ஏவாமல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறானே, அதைக் கவனி.

ஐ.க்யூ. டெஸ்ட் இப்போது வேண்டாம். இந்த வயதில் வரும் மதிப்பெண் நிலையானதல்ல. தூக்கம், பசி, எதிரே இருப்பவரைப் பிடிக்காதது எல்லாமே அதை மாற்றிவிடும். 1905-இல் பாரிஸில் பினே இந்தச் சோதனையை உருவாக்கியதே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காணத்தான். 1921-இல் கலிபோர்னியாவில் டெர்மன் அதை வைத்து அதிபுத்திசாலிப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார். தேறியவர்கள் 1,500-க்கும் மேல். தேறாமல் போனவர்களில் ஷாக்லி, ஆல்வரெஸ் என்று இரண்டு பையன்கள். ஒருவருக்கு 1956-இலும் இன்னொருவருக்கு 1968-இலும் இயற்பியல் நோபல் கிடைத்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் மூன்று வயது வரை சரியாகப் பேசவே இல்லை.

கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்க வைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வகுப்புப் பக்கம் மட்டும் போய்விடாதே. மூக்கோரம் இருக்கும் இடைவெளியில் எட்டிப்பார்த்துப் படிப்பதுதான் அங்கே நடப்பது. காசு போனால் போகிறது, பிள்ளை பொய் பழகிவிடுவான்.

இன்னொன்று, இதுதான் என் மனதை அறுக்கிறது. வந்தவர்கள் முன்னால் பேப்பரைக் கொடுத்து "படிச்சுக் காட்டு" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவன் செல்வியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை என்று அழுதபோது, "இவ்ளோ படிக்கிறவனுக்கு இது தெரியாதா?" என்றீர்கள். புத்தி எவ்வளவு முன்னே ஓடினாலும் கைவிரலுக்கும் அழுகைக்கும் நாலு வயதுதான், குமரா. கெட்டிக்காரன் என்ற பெயரை இப்போதே சூட்டிவிட்டால், தப்பாகிவிடுமோ என்று பயந்தே புதிதாக எதையும் தொடமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போ. மதுரையிலேயே இருந்துகொண்டு இன்னும் போகாமல் இருக்கிறீர்கள். குழந்தைகள் பிரிவில் புத்தகத்தை அவனே எடுக்கட்டும். படிக்காமல் படம் மட்டும் பார்த்தாலும் ஒன்றும் சொல்லாதே. அவன் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, கோடை விடுமுறைக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அக்கா