அடுப்படியில் ஒரு பாடம்

நான் 32 ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றினேன். அத்தனை ஆண்டுகளும் வகுப்பறையில் எனக்குரிய இடம் கரும்பலகையின் பக்கமே. எதிரில் அமர்ந்து கற்பவரின் நிலை எத்தகையது என்பதை நாளடைவில் மறந்தே போனேன். ஓய்வு பெற்ற பிறகு, கடல் கடந்த ஊர் ஒன்றில், ஓர் அடுப்பின் முன் நின்றபோதுதான் அது மீண்டும் நினைவுக்கு வந்தது.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பாரிசு நகரில் பணியாற்றிக்கொண்டிருந்த என் மகளுடன் சில நாள் தங்கியிருந்தேன். அவள் குடியிருந்த வீடு மொம்பர்னாசு இரயில் நிலையத்தை அடுத்திருந்தது. அங்குள்ள தெருக்களில் 'கிரெப்' என்னும் மெல்லிய பண்டத்தை விற்கும் சிற்றுண்டிச் சாலைகள் அடுத்தடுத்து இருக்கக் கண்டேன். அது நம் தோசையை ஒத்தது. ஒரே இடத்தில் இத்தனை கடைகள் எவ்வாறு தோன்றின என்று வினவினேன். பிரான்சின் வடமேற்கில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரெத்தாஞ். அங்கிருந்து வரும் வண்டிகள் இந்நிலையத்தில்தான் வந்து நிற்கின்றன. முற்காலத்தில் வறுமையால் ஊரை விட்டு வந்த பிரெத்தோன் மக்கள், வண்டியை விட்டு இறங்கிய இடத்திற்கு அருகிலேயே குடியேறினர். தம் ஊர் உணவையும் உடன் கொண்டுவந்தனர். வயிற்றுப் பசி ஊரை விட்டுத் துரத்தினாலும், நாவின் நினைவு ஊரை விடுவதில்லை!

"அப்பா, அவர்கள் நாட்டிலேயே இதைக் கையால் செய்யக் கற்றுத் தருகிறார்கள். ஒருநாள் வகுப்புத்தான். போய் வருவோமா?" என்றாள் மகள்.

"தோசை வார்க்கத் தெரிந்தவனுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது?" என்று நகைத்தேன். பணியின் பொருட்டுப் பல ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, நானே சமைத்து உண்டவன் நான். அந்தச் செருக்குடனேயே வண்டி ஏறினேன்.

ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணத்தின் பின் கெம்பேர் என்னும் ஊரை அடைந்தோம். இரண்டு ஆறுகள் ஒன்றுசேரும் இடத்தில் அமைந்த ஊர் அது. 'கெம்பேர்' என்ற பெயருக்குப் பிரெத்தோன் மொழியில் ஆறுகள் கூடுமிடம் என்பதே பொருளாம். நம் நாட்டிலும் 'கூடல்' என்று ஊர்ப்பெயர் வழங்குவதை எண்ணி மகிழ்ந்தேன்.

வகுப்பு ஒரு பழைய கல்வீட்டின் சமையலறையில் நடந்தது. கற்க வந்தவர் எங்களோடு அறுவர். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். கற்பித்தவர் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர். அவர் பேசிய பிரெஞ்சை, புதுச்சேரியில் பணியாற்றியபோது நான் கற்றிருந்த சிறிதளவு அறிவைக் கொண்டு ஒருவாறு புரிந்துகொண்டேன். புரியாத இடங்களில் மகள் உதவினாள்.

அம்மையார் முதலில் ஒரு பிடி தானியத்தை எங்கள் உள்ளங்கைகளில் இட்டார். ஒவ்வொரு மணியும் மூன்று பக்கங்களும் கூரிய விளிம்புகளும் உடையதாய், கரிய தோலுடன் இருந்தது. அதனைப் பிரெஞ்சு மக்கள் 'கருங்கோதுமை' என்று அழைக்கின்றனர். ஆயினும் அது கோதுமையன்று, புல்லினத்தைச் சேர்ந்ததுமன்று, புளிப்புக் கீரை வகைகளுக்கு உறவான ஒரு செடியின் விதை. வளமற்ற, புளிப்புத் தன்மை மிகுந்த மண்ணிலும் அது விளையும். விதைத்த மூன்று நான்கு திங்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். கோதுமை ரொட்டி எட்டாக் கனியாக இருந்த ஏழை உழவரின் பசியை நூற்றாண்டுக் கணக்கில் தீர்த்தது இந்தக் கருங்கோதுமையே. வரும் வழியில் வண்டியின் பலகணி வழியே வெண்ணிறப் பூக்கள் நிறைந்த வயல்களைக் கண்டிருந்தேன். அவை இச்செடியின் பூக்களே என்பதை அப்போது அறிந்தேன்.

பின்னர் மாவு கரைத்தோம். கருங்கோதுமை மாவு, கல்லுப்பு, நீர் ஆகிய மூன்றே பொருள்கள். நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையாலேயே நெடுநேரம் அடித்துக் கலக்கவேண்டும். "மாவு உங்கள் கையை விட்டுப் பிரிய மறுக்கும் வரையில் அடியுங்கள்" என்றார் அம்மையார். கரைத்த மாவைச் சில மணி நேரம் குளிர்ச்சியில் வைத்தல் வேண்டும். எங்களுக்காக முந்திய இரவே கரைத்த மாவு ஆயத்தமாக இருந்தது.

கிரெப்பின் மீது தடவும் வெண்ணெயில் உப்பு இருந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. மன்னர் ஆண்ட காலத்தில் பிரான்சின் பெரும்பகுதியில் உப்புக்குக் கடுமையான வரி விதிக்கப்பட்டிருந்தது. 1790ஆம் ஆண்டில்தான் அவ்வரி ஒழிந்தது. பிரெத்தாஞ் தொடக்கத்திலிருந்தே அவ்வரிக்கு விலக்குப் பெற்றிருந்த பகுதிகளுள் ஒன்று. ஆதலின் அங்குள்ளோர் வெண்ணெய் கெடாதிருக்கத் தாராளமாக உப்பிட்டனர். அச்சுவையே வழக்கமாகிவிட்டது.

அடுத்து அடுப்பின் முன் நின்றோம். அதன்மேல் ஏறத்தாழ 40 செ.மீ. அகலமுள்ள வட்டமான வார்ப்பிரும்புக் கல் இருந்தது. அதன் பெயர் 'பில்லிக்'. மாவைப் பரப்புவதற்கு ஒரு மரக்கருவி. களத்தில் நெல்லைப் பரப்பும் பலகையைச் சிறுவர் விளையாட்டுக்கெனச் சிறிதாக்கியது போன்றது. அதன் பெயர் 'ரொசெல்'. திருப்புவதற்கு நீண்டு தட்டையான மரத்தகடு. அதன் பெயர் 'ஸ்பானெல்'. இம்மூன்றும் பிரெஞ்சுச் சொற்கள் அல்ல. பிரெத்தோன் மொழிச் சொற்கள்.

அம்மையார் ஓர் அகப்பை மாவைக் கல்லில் ஊற்றினார். ரொசெல்லை இரண்டு விரல்களுக்கிடையே மெல்லப் பற்றி, மணிக்கட்டைச் சுழற்றினார். நொடிப்பொழுதில் மாவு கல்லின் விளிம்புவரை முழுநிலவெனப் பரந்தது. "ரொசெல் மாவின்மேல் மிதக்கவேண்டும்; கல்லைத் தொடக்கூடாது" என்றார்.

முதலில் நானே முன்வந்தேன். மாவை ஊற்றினேன். ரொசெல்லைப் பற்றியதும் என் கை தானறிந்த தொழிலைச் செய்யத் தொடங்கியது. தோசைக்கு நடுவிலிருந்து கரண்டியை அழுத்திச் சுழற்றிப் பழகிய கை அது. அழுத்தியவுடன் மாவு கட்டையோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. நடுவில் கல் தெரிந்தது. ஓரத்தில் மாவு மேடிட்டது. மீண்டும் முயன்றேன், முன்னதினும் மோசமாகக் கிழிந்தது. சுற்றி நின்றோர் சிரித்தனர். என் பின்னால் வந்த சிறுவனோ, தோசையும் அறியான், கிரெப்பும் அறியான், சொன்னபடி செய்தான். அவன் வார்த்தது ஏறக்குறைய வட்டமாக வந்தது. அவனுக்குக் கைதட்டல் கிடைத்தது.

அவர்கள் சிரித்ததில் தீங்கில்லை. எனினும் என் முகம் சுட்டது. கருவியை வைத்துவிட்டு, "எனக்குப் போதும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அம்மையார் ஒன்றும் கூறவில்லை. நான் கிழித்த கிரெப்பை எடுத்தார், உப்பு வெண்ணெய் தடவினார், பல துண்டுகளாக்கினார், முதல் துண்டைத் தாம் உண்டு, மற்றவற்றை எல்லாருக்கும் அளித்தார். "கிழிந்ததென்று நாவுக்குத் தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை, சுவையாகவே இருந்தது.

"இந்த அடுப்படியில் தவறு செய்தவரைப் பார்த்து எவரும் சிரிக்கலாகாது என்பது என் தாயார் இட்ட சட்டம்" என்று தொடர்ந்தார். "என் தாயாருக்குப் பள்ளி சேரும்வரை பிரெஞ்சு தெரியாது. வீட்டில் பேசிய பிரெத்தோன் மொழியே தெரியும். அந்நாளில் பள்ளியில் அம்மொழியைப் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரக்காலணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். தன்னைப்போலப் பேசும் மற்றொரு குழந்தையைக் காட்டிக்கொடுத்தால்தான் அது கழலும். மாலையில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. என் தாயார் ஒருநாளும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் விரைவில் பள்ளிக்குச் செல்வதை விட்டுவிட்டார். எங்களிடம் பிரெஞ்சிலேயே பேசினார். அடுப்பின் முன் நிற்கும்போது மட்டும் பில்லிக், ரொசெல், ஸ்பானெல் என்பார். எனக்குக் கிடைத்த தாய்மொழி அவ்வளவுதான்."

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 1977ஆம் ஆண்டு முதல் பிரெத்தோன் மொழிவழிப் பள்ளிகள் தோன்றியுள்ளன என்றும், தம் பேரன் அத்தகைய பள்ளியில் பயில்கிறான் என்றும் கூறி அவரே முறுவலித்தார்.

என்னால் முறுவலிக்க இயலவில்லை. நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒருநாள் அவனுடைய கட்டுரை ஏட்டை உயர்த்திப் பிடித்து, "இது கோழி கிளறியதா, நீ எழுதியதா?" என்று கேட்டேன். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் தலை குனிந்து நின்றான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தந்தையுடன் வேலைக்குச் செல்வதாக யாரோ கூறினார்கள். அவன் வறுமையே காரணம் என்று எண்ணி நான் அமைதியடைந்தேன். ஒருவேளை வறுமையும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் நான் அவன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட மரக்காலணியின் சுமையை, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர், இரண்டு கிரெப்புகளைக் கிழித்த அன்றுதான் நான் அறிந்தேன்.

"ஐயா, மீண்டும் வாருங்கள். உங்கள் கை திறமை அற்றதன்று. அது வேறொன்றை நன்கு கற்றிருக்கிறது, அதைச் சற்று மறக்கவேண்டும், அவ்வளவே" என்றார் அம்மையார்.

மூன்றாம் முறை முயன்றேன். அச்சிறுவன் என் அருகில் நின்று, "மெல்ல, மெல்ல" என்றான். இம்முறை அழுத்தவில்லை. ரொசெல் சற்றே மிதந்தது. மாவு பரவிற்று. முழுநிலவன்று, பத்தாம் நாள் பிறையெனலாம். அதன் நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, பாலாடைக்கட்டியைத் துருவியிட்டு, நான்கு பக்கமும் மடித்து உண்டேன். இந்நாள்வரை அதனினும் இனிய உணவை நான் உண்டதில்லை.

விடைபெறும்போது அம்மையார் ஒரு ரொசெல்லை என் கையில் தந்தார். இன்று அது எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. என் பேத்தி இப்போது தோசை வார்க்கப் பழகுகிறாள். அவள் வார்க்கும் முதல் தோசை பெரும்பாலும் கிழிந்துவிடும். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் என் தட்டை நீட்டுவேன்.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனிடம் நீட்ட வேண்டிய தட்டு அது.