ராணிக்கும் ஒரு பென்ஷன்

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி ஆனால், மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் 76 வயது ஓய்வுபெற்ற வங்கி குமாஸ்தா ஒருவரின் பென்ஷன் கணக்கிலிருந்து ரூ.2,500 கழிந்துவிடும். பாஸ்புக்கில் ஒரு காப்பகத்தின் பெயர்தான் அச்சாகியிருக்கும். அதன் ஓரத்தில் பென்சிலால் 'ராணி' என்று எழுதி வைக்கிறார் அவர். ராணி அவருடைய பேத்தி அல்ல. இருபது வயதைத் தாண்டிய, இடது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் ஒரு பெண் குதிரை.

கதை 1978இல் ஆரம்பிக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழு வருடங்களுக்கு முன் பம்பாய் வந்திருந்தவர், புது மனைவிக்கு ஊரைச் சுற்றிக்காட்ட விக்டோரியாவில் ஏற்றினார். வெள்ளி ஜிகினா வைத்த குதிரை வண்டி, மெரின் டிரைவ், கடல் காற்று. அன்றைய பம்பாயில் அதுதான் தேனிலவு. பாதி வழியில் மனைவி அவர் கையைப் பிடித்தார். "குதிரை வாயில நுரை தள்ளுதுங்க. இறங்கிடலாம்." வெட்கத்துடன் முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டு மீதி தூரத்தை இருவரும் நடந்தார்கள். பல வருடங்கள் இதை அவர் சிநேகிதர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2015 ஜூனில், பொழுதுபோக்குச் சவாரிக்காக விக்டோரியா ஓட்டுவது சட்டவிரோதம் என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டுக்குள் வண்டிகள் நிற்க வேண்டும், வண்டிக்காரர்களுக்கு அரசு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. 2021இல் குதிரை இல்லாத மின்சார விக்டோரியாக்கள் தெருவில் இறங்கின. தீர்ப்புச் செய்தியைப் படித்தபோது அவருடைய மனைவி கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் குதிரைகளெல்லாம் எங்கே போகும்?"

அவரிடம் பதில் இல்லை. அடுத்த வருடம் மனைவி காலமானார். கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

வேலை இழந்த குதிரையின் பிரச்சினை எளிமையானது. அது சம்பாதிப்பதை நிறுத்தலாம். சாப்பிடுவதை நிறுத்த முடியாது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்குத் தினமும் ஐந்து முதல் ஏழு கிலோ காய்ந்த தீவனமும், இருபது முப்பது லிட்டர் தண்ணீரும் வேண்டும். அதன் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் சிறியது. ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போக முடியாது. நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க வேண்டும். நல்ல பராமரிப்பில் 25 வயது, சில சமயம் 30 வயது வரை வாழும். இந்தச் செலவைத் தாங்க யாரும் இல்லாத குதிரை கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை குறையும், வேலை கடினமாகும். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 6.2 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை, 2019இல் சுமார் 3.4 லட்சமாகிவிட்டது. குதிரைக்கு வேலை குறைந்து வருகிறது. வேலை போன பிறகு அதை வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை.

ராணியும் இப்படித்தான் கைமாறியது. வண்டியின் முதலாளி அதை விற்றார். வாங்கியவர் கல்யாண ஊர்வலங்களுக்கு ஓட்டினார். கால் தாங்க ஆரம்பித்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டார். 2017இல், மும்பையிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு காப்பகத்துக்கு அது வந்து சேர்ந்தபோது விலா எலும்புகளை எண்ண முடிந்தது. தோளில் சேணம் உரசிய புண். பல்லைப் பார்த்து வயது பன்னிரண்டு பதிமூன்று இருக்கலாம் என்றார் டாக்டர்.

தெரிந்த ஒருவர் மூலம் அந்தக் காப்பகத்துக்குப் போன நம் வங்கிக்காரர், கையோடு ஒரு மூட்டை கொள்ளு கொண்டு போனார். டாக்டர் அதைக் குதிரையின் பக்கமே போக விடவில்லை. பட்டினி கிடந்த குதிரைக்கு எடுத்த எடுப்பில் தானியத்தை அள்ளிக் கொடுத்தால், ரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் திடீரென்று தாறுமாறாகி, சில நாட்களில் அது செத்தே போகலாம். காய்ந்த புல், குதிரை மசால், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக, இரவும் பகலும் சில மணிக்கு ஒரு தடவை. "இரக்கப்பட்டு நிறையப் போடுறவங்களைத்தான் அங்கிள் முதல்ல தடுக்க வேண்டியிருக்கு" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். அன்று அவர் கற்ற முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம் பொறுமை. குதிரையின் உடல்வாகை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை அமெரிக்காவின் ஹென்னக்கி 1983இல் வகுத்தார். ராணிக்கு முதலில் கிடைத்தது இரண்டு. ஐந்தை எட்ட எட்டு மாதங்கள் ஆயின. வெடித்த குளம்பு மேலிருந்து அடிவரை புதிதாக வளர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. இன்றும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பைச் சீவ வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பல்லின் கூர்முனையை அரத்தால் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்ல முடியாமல் மெலியும். ரண ஜன்னிக்குத் தடுப்பூசி, குடல் புழுவுக்கு மருந்து. மனிதர்களையும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. நோய் உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் விதி. முடிவு வரும் வரை ராணி தனி லாயத்தில் நின்றது.

"மீட்பது ஒரு நாள் வேலை. மிச்சமெல்லாம் அப்புறம்தான்" என்கிறார் காப்பகத்தின் பொறுப்பாளர். மீட்கும் நாளில் போட்டோ எடுக்க ஆள் உண்டு, நன்கொடையும் வரும். ஆறு மாதம் கழித்து, குதிரை பார்க்க நன்றாக ஆனதும், பணம் நின்றுவிடும். அதனால்தான் அவர் மொத்தமாகத் தருபவர்களைவிட மாதாமாதம் தருபவர்களைத் தேடுகிறார். ஒரு குதிரையின் செலவை நான்கு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நம் வங்கிக்காரரின் பங்கு ரூ.1,500இல் ஆரம்பித்தது, தீவன விலையோடு அதுவும் ஏறிவிட்டது.

சட்டம் உதவாதா? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்து. ஆனால் அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 50 ரூபாய் வரை என்று எழுதப்பட்டது. அந்தத் தொகை பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. வழக்கில் கைப்பற்றப்பட்ட மிருகத்தின் பராமரிப்புச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்க 2017இல் விதிகள் வந்தன. உரிமையாளர் அகப்பட்டால் சரி. நெடுஞ்சாலையில் விடப்பட்ட குதிரைக்கு முகவரி ஏது?

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை. "அப்பா, மனுஷங்களுக்கே வழியில்லாம இருக்காங்க. குதிரைக்குப் பென்ஷனா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சொன்ன பதில் தர்க்கமல்ல, கணக்கு. "அன்னிக்கு அம்மா இறங்கச் சொன்னப்ப முழுக் கட்டணம் கொடுத்தேன். கொடுத்தது வண்டிக்காரருக்கு. குதிரைக்கு ஒண்ணும் கொடுக்கலியே."

ஆனால் மகளின் கேள்வி வேறு உருவத்தில் திரும்பி வந்தது. ராணியின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மெரின் டிரைவ் பக்கம் போகும்போதெல்லாம் பழைய வண்டிக்காரர்கள் யாராவது தென்படுகிறார்களா என்று விசாரிப்பது அவர் வழக்கம். ஒரு சாயங்காலம் தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர், நெற்றியில் பிறை போன்ற வெள்ளையைப் பார்த்ததும் போட்டோவைக் கையில் வாங்கினார். ஒன்பது வருடம் அவர்தான் ராணியை ஓட்டியவர். முதலாளி அல்ல, கூலிக்கு ஓட்டியவர். குதிரையை விற்றதே அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"இதுக்கு மாசாமாசம் யார் பணம் கட்டுறாங்க?" என்று கேட்டார்.

"நாலு பேர். அதில நான் ஒருத்தன், சாச்சா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லது சாப். அதுக்கு ஓய்வு கிடைச்ச அன்னிக்கு எனக்கு வேலை போச்சு. எனக்கு அப்ப ஐம்பது வயசு. என் பேர்ல யாரும் கட்டலியே" என்றார். குரலில் கோபம் இல்லை. கடலைப் பொட்டலத்துக்குக் காசும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வண்டியை நிறுத்தியது தவறு என்று அவர் இன்றும் நினைக்கவில்லை. கான்கிரீட் சாலையும் வாகன நெரிசலும் குதிரைக்கு உகந்தவை அல்ல. ராணியின் காலே சாட்சி. ஆனால் அதே சாலையில் அதே வெயிலில் நின்ற இன்னொரு ஜீவனை, போட்டோவில் பார்க்காததால், தான் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அப்புறம் பல சாயங்காலங்கள் அந்தத் தள்ளுவண்டியின் பக்கத்தில் போய் நின்று பேசினார். கடலைக்குக் காசு கொடுப்பதில் மட்டும் விடாப்பிடியாக இருந்தார்.

அந்தச் சிநேகிதத்தின் பலன் ஒரு டிசம்பர் ராத்திரியில் தெரிந்தது. ராணி சாப்பிடவில்லை, சாணம் போடவில்லை, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, கீழே விழுந்து புரள்கிறது என்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. வயிற்றுச் சூலை. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. குடலில் அடைப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் வலிக்கு ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பைக்குள் தண்ணீர் விட்டார். "குளிரில் தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது. அதுதான் தீவனம் இறுகிவிட்டது. விடியும்வரை பார்ப்போம். முடியாவிட்டால் வேதனையை நீட்டிக்க மாட்டேன்" என்றார்.

பணம் கட்டுபவரிடம் அவர் அனுமதி கேட்கவில்லை. முதலில் அது நம் வங்கிக்காரருக்குச் சுருக்கென்றது. பிறகு, அதுதான் சரி என்று பட்டது. மாதம் ரூ.2,500 கொடுத்துக் குதிரைக்குத் தீவனம் வாங்கலாம். அதன் சாவைத் தள்ளிப்போடும் உரிமையை வாங்க முடியாது.

விடிந்தபோது ராணி சாணம் போட்டிருந்தது. காலையிலேயே அவர் கடலை வண்டிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பழைய வண்டிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: "தண்ணி எதில வைக்கிறாங்க?" இரும்புத் தொட்டியில். "அதான். அது இரும்பில வாய் வைக்காது சாப். பிளாஸ்டிக் டிரம்மில வெச்சு, ஒரு துண்டு வெல்லம் கரைச்சு விடச் சொல்லுங்க. குளிர்ல வெதுவெதுன்னு இருக்கணும்." அப்படியே செய்தார்கள். ராணி குடித்தது. பல வருடங்களாக மருத்துவக் குறிப்பேட்டில் இல்லாத ஒரு வரியை அன்று எழுதிச் சேர்த்தார் டாக்டர். இடது காலின் பழைய அடி மழைக்காலப் பள்ளம் ஒன்றில் பட்டது என்பதையும் அவர்தான் சொன்னார். இப்போது காப்பகத்துக்குப் புதிதாக வண்டிக் குதிரை ஏதாவது வந்தால், அதன் பழைய வண்டிக்காரரையும் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்.

இந்தப் பெரியவரைப் பார்த்துத் தாங்களும் ஒரு குதிரைக்குப் பணம் கட்ட விரும்புவோரிடம் அவர் உற்சாகமாகப் பேசுவதில்லை. கேள்விகளைத்தான் தருகிறார். மீட்ட குதிரையில் சவாரி விடுகிறார்களா? குட்டி போட வைக்கிறார்களா? குளம்பு சீவிய தேதி, தடுப்பூசித் தேதி எழுதி வைத்திருக்கிறார்களா? தத்துக் கொடுத்தால் அப்புறம் போய்ப் பார்க்கிறார்களா? வரவு செலவைக் காட்டுகிறார்களா? கடைசியாக, உங்களிடமே ஒரு கேள்வி: பத்து வருடம் கட்டுவீர்களா? முடியாது என்றால், ஒரு தடவை தீவனம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கௌரவமாக விலகிக்கொள்ளலாம் என்கிறார்.

அவருக்கு வயது 76. ராணி இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கலாம். யார் முந்துவார்கள் என்ற கணக்கை வங்கியில் 35 வருடம் வேலை பார்த்தவர் போடாமல் இருப்பாரா? தன் பெயரில் ஒரு வைப்புத்தொகை போட்டு, மகளை நாமினி ஆக்கி, பேசுவதற்குத் தைரியமில்லாமல் ஒரு கடிதம் எழுதினார். மகளிடமிருந்து நான்கு நாள் கழித்து போன் வந்தது. "அப்பா, அந்த வெல்லம் போடுறது எவ்வளவுன்னு எழுதி வைங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

காப்பகம் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பித்தல் படிவம் அனுப்புகிறது. அதில் கடைசி வரி: 'இந்தக் குதிரை இறந்தால், உங்கள் தொகையை வேறொரு குதிரைக்குப் பயன்படுத்தலாமா?' பல வருடங்கள் அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். ராணி இல்லாத நாளைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. இந்த ஏப்ரலில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'ஆம்' என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டார்.