ஓர் இறகும் நிலையியற் கட்டளையும்

எலைஜா ஹார்ப்பர் என்றதும் கனடியப் பத்திரிகைகள் அவர் கையிலிருந்த கழுகு இறகைப் பற்றியே எழுதும். புகைப்படத்துக்கு அது வாய்ப்பானதுதான். ஆனால் சபைச் செய்திகளை எழுதிப் பழகிய எனக்கு, அந்த இறகைவிட அவர் எடுத்தாண்ட நிலையியற் கட்டளையே பெரிதாகப் படுகிறது.

மனிற்றோபா மாகாணத்தின் வடக்கே ரெட் சக்கர் லேக் என்ற சிற்றூரில் 1949 இல் பிறந்தவர் அவர். கனடாவின் பூர்வீகக் குடிகள் நிபந்தனையின்றி மத்திய தேர்தலில் வாக்களிக்க அந்நாளில் உரிமை பெற்றிருக்கவில்லை. அது 1960 இலேயே கிடைத்தது. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளில் அவரும் படித்தார். 1978 இல் தம் ஊரின் தலைவரானார். 1981 இல் புதிய சனநாயகக் கட்சியின் சார்பில் மாகாண சபைக்குத் தெரிவாகிப் பின்னர் அமைச்சராகவும் இருந்தார்.

பூர்வீகக் குடிகளின் சுயாட்சி உரிமை பற்றிப் பிரதமரும் மாகாண முதல்வர்களும் நடத்திய மாநாடு 1987 மார்ச்சில் முறிந்தது. சுயாட்சி என்றால் என்னவென்று வரையறுக்கப்படவில்லை என்பது அப்போது கூறப்பட்ட பெரிய ஆட்சேபம். அடுத்த மாதமே அதே பிரதமர் பிரையன் மல்ரோனியும் முதல்வர்களும் மீச் ஏரிக்கரையில் கூடிக் கியூபெக்கைத் 'தனித்துவமான சமூகம்' என ஏற்றனர். அத்தொடரும் வரையறுக்கப்பட்டிருக்கவில்லை! பூர்வீகக் குடிகளின் மனத்தில் தைத்தது இதுவே. கியூபெக்கின் கோரிக்கை நியாயமற்றது என ஹார்ப்பர் கருதியதில்லை.

உடன்படிக்கையைப் பத்து மாகாண சபைகளும் 1990 ஜூன் 23 க்குள் அங்கீகரிக்க வேண்டியிருந்தது. ஒட்டாவாவில் ஒரு வாரம் மூடிய அறைக்குள் பேசி, கடைசி வேளையில் முதல்வர்களை இணங்கவைத்தார் மல்ரோனி. எந்த நாளில் தாயக்கட்டையை உருட்டுவது என்பதைத் தாமே தெரிவு செய்ததாக அவர் பெருமையோடு கூறியது ஜூன் 12 இல் பத்திரிகையில் வெளியாயிற்று. அன்றுதான் மனிற்றோபா சபையில் பிரேரணை வந்தது. முன்னறிவித்தலின்றி அதை எடுத்துக்கொள்வதற்குச் சகல உறுப்பினர்களின் இணக்கமும் தேவை. முதல்வர் கேரி பில்மன் அதைக் கோரினார். ஹார்ப்பர் 'இல்லை' என்றார்.

தொடர்ந்த நாட்களிலும் இணக்கம் மறுக்கப்பட்டது. அவரது பின்னால் மாகாணத்தின் பூர்வீகக் குடித் தலைவர்கள் நின்றனர். மத்திய அரசு தூதுக்குழுவை அனுப்பி, அரச ஆணைக்குழு அமைப்பதாகவும் கூறிப் பார்த்தது. அவர்கள் இணங்கவில்லை. விதிப்படி பகிரங்க விசாரணையும் நடத்தவேண்டும். கருத்துரைக்க ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்திருந்தனர். நாட்கள் கரைந்தன. நியூபவுண்ட்லாந்தும் வாக்கெடுப்பைக் கைவிட, உடன்படிக்கை காலாவதியாயிற்று.

தனியொருவர் நாட்டின் யாப்பை முடக்கலாமா என்று கேட்டோர் உண்டு. கேள்வி தவறல்ல. ஆனால் மூன்று ஆண்டு அவகாசத்தைக் கடைசி இரு வாரமாகச் சுருக்கியவர் அவரல்லர். அவர் ஒரு விதியையும் மீறவில்லை. மற்றவர்கள் மீற முனைந்த விதியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவே.

வாக்குறுதியளித்த ஆணைக்குழு 1991 இல் அமைக்கப்பட்டது. 1992 இன் சார்லட்டவுன் உடன்படிக்கையில் சுயாட்சி உரிமை இடம்பெற்றும் ஹார்ப்பர் அதை ஆதரிக்கவில்லை. சர்வசன வாக்கெடுப்பில் நாடும் அதை நிராகரித்தது. காப்பு நிலங்களில் வாழ்ந்தோரிலும் பெரும்பான்மையினர் எதிர்த்தே வாக்களித்தனர். 1993 இல் லிபரல் கட்சியில் நின்று மத்திய நாடாளுமன்றம் சென்ற அவர், 1997 இல் தோற்றார். பின்னர் பூர்வீகக் குடிகளின் நில உரிமைக் கோரிக்கைகளை ஆராயும் ஆணைக்குழுவில் பணியாற்றினார். 2013 மே மாதம், 64 ஆவது வயதில் ஒட்டாவாவில் காலமானார்.