அடுத்து எப்ப வருவீங்க, டீச்சர்?

பாபநாசத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம். வகுப்பறை மேசைகளை இழுத்துப் போட்டு எலும்பு, கண், காது, மனநலம் என்று தனித்தனியாக மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் வட்டார வள மையத்துக்காரர்கள் பெயர் பதிகிறார்கள். கபிஸ்தலம், திருக்கருகாவூர், ராஜகிரிப் பக்கமிருந்து காலைப் பேருந்திலேயே வந்துவிட்டவர்கள் சுவரோரம் வரிசையாக. எல்லார் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ.

ஒரு தாய் பத்து வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூளை முடக்குவாதம். அவன் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகின்றன. அவள் நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை. சம்பா நடவு நேரம், இன்றைய கூலி இல்லை. யாரோ நாற்காலியை நகர்த்திப் போடுகிறார்கள்.

"இருக்கட்டுங்க. உக்காந்தா அப்புறம் இவனத் தூக்கிக்கிட்டு எந்திரிக்க முடியாது."

சிறப்பாசிரியர் வருகிறார். அவரைக் கண்டதும் பையனுக்கு வாயெல்லாம் சிரிப்பு. இறுக மூடிய அவன் கையை வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார். அவசரமே இல்லாத கை.

"வீட்ல இது மாதிரி செய்றீங்களாம்மா?"

"ராத்திரி செய்றேன் டீச்சர். நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் நல்லா நீட்டுறான். பெறகு பழையபடி மூடிக்கிறான். அடுத்து எப்ப வருவீங்க?"

டீச்சர் நோட்டைப் புரட்டுகிறார். பக்கம் முழுக்கப் பள்ளிகளின் பெயர்கள். எல்லாப் பள்ளிக்கும் அவர் ஒருவர்தான். தொகுப்பூதியம்.

"புதன்கிழமை பாக்குறேன்மா."

காது மேசையில் ஒரு சிறுமி. கூட வந்த வகுப்பாசிரியை மருத்துவரிடம் சொல்கிறார்: "நான் போர்டப் பாத்துக்கிட்டுப் பேசினா இவளுக்கு ஒண்ணும் விளங்குறதில்ல சார். இப்பல்லாம் திரும்பி நின்னுதான் பேசுறேன்." இவர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது?

மனநல மேசையில் ஒரு தகப்பனார் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "நாப்பது வந்துருமாங்க?" சட்டப்படி சலுகைக்கும் உதவிக்கும் வாசல் திறப்பது 40 சதவீதத்தில்தான். பிள்ளையின் குறை கொஞ்சம் கூடுதலாகத் தெரியட்டும் என்று பெற்றவரையே வேண்ட வைக்கிற எண் அது. 38 வாங்கிய பிள்ளைக்கும் வகுப்பில் அதே கடைசி பெஞ்சுதான், அதே திண்டாட்டந்தான்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான் இருந்தன. கற்றல் குறைபாடும் அந்த 21இல் சேர்ந்ததால், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிறவனை மக்கு என்று ஒதுக்கிய காலம் சட்டத்தில் முடிந்துவிட்டது, வகுப்பறையில் முடியவில்லை. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கணக்கே போட்டுக் கொடுத்தது: தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில், சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் மறுபடியும் உத்தரவிட்டது.

மதியம் தாண்டுகிறது. இடுப்புப் பையனுக்குச் சக்கர நாற்காலிக்கு அளவெடுத்தாயிற்று. நாற்காலி வரும், நல்லதுதான். ஆனால் அந்த விரல்களை நாள்தோறும் பிரித்துவிட ஒரு கை வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகளே இருக்கிற சின்னப் பள்ளிகளானால், அடுத்தடுத்த ஊர்களைச் சேர்த்து ஒருவரை அமர்த்தலாம். அவர் அங்கேயே இருக்க வேண்டும், நிரந்தர வேலையில், உரிய சம்பளத்தில். முகாமையும் உபகரணத்தையும் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காமல் விடுவது பாதி வேலை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் கூடும்போது, உங்கள் பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லாவிட்டாலும், எழுந்து கேளுங்கள்: நம் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் எத்தனை நாள் வருகிறார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நிரந்தரப் பணியிடம் கேட்டு அதன் கீழேயே தீர்மானம் போட்டுக் கையெழுத்திடுங்கள்.